ஊருக்கு மட்டும்தான் உபதேசமா?

1988 ஜூன் 14, விடிவதற்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. வாஷிங்டன் நகரின் வடமேற்குப் பகுதியில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில், நீச்சல் குளத்தில் ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார். போலீசுக்குத் தகவல் போனது. அவரும் ஒரு .22 கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எதிரே நின்றவன் தன் மேல் பாய வந்தான் என்று பிறகு சொன்னார். சுட்டார். குண்டு மணிக்கட்டில் பட்டது. அடிபட்டவனுக்கு 18 வயது, உள்ளாடையோடு நின்றிருந்தான். கோடை வெக்கைக்கு, சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு யார் வீட்டுக் குளத்திலோ திருட்டுத்தனமாகக் குளிக்க வந்த பையன்.

செய்தி நாடு முழுக்கத் தீயாகப் பரவியது. சுட்டவர் கார்ல் ரோவன். அமெரிக்காவின் பெயர்பெற்ற பத்தி எழுத்தாளர்களில் ஒருவர். கென்னடி காலத்தில் ஃபின்லாந்துக்குத் தூதராகப் போனவர், ஜான்சன் காலத்தில் அமெரிக்கத் தகவல் முகமையின் தலைவராக இருந்தவர். கறுப்பினத்தவர் அந்தப் பதவிகளை நெருங்குவதே அரிதாக இருந்த நாட்களில் அங்கே போய் உட்கார்ந்தவர். ஐம்பதுகளில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியிருக்கிறார். இவற்றோடு, கைத்துப்பாக்கிகளை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று விடாமல் எழுதி வந்தவர். சட்டத்தைக் காக்கும் அதிகாரியைத் தவிர வேறு யாரிடம் கைத்துப்பாக்கி இருந்தாலும் நேராகச் சிறைதான், அதில் பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது என்று 1981இல் அவர் எழுதியிருந்தார். வாஷிங்டனில் 1976 முதல் கிட்டத்தட்ட அப்படிப்பட்ட சட்டமே அமலில் இருந்தது. பொதுமக்கள் புதிதாகக் கைத்துப்பாக்கியைப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாததை வைத்திருக்கவும் கூடாது. ரோவன் கையில் இருந்தது பதிவு இல்லாத துப்பாக்கி.

வழக்குப் போட்டார்கள். அது தன் மகனுடையது, மகன் எஃப்.பி.ஐ.யில் வேலை பார்த்தவர், ஆகவே பதிவு தேவையில்லை என்பது ரோவனின் வாதம். தனக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததையும் சொன்னார். மேயர் மரியன் பாரியைக் கண்டித்து எழுதியதற்காகப் பழிவாங்குகிறார்கள் என்றும் சொன்னார். ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் வழக்கு பாதியில் நின்றது; அரசுத் தரப்பு அதை மறுபடி எடுக்கவில்லை. கோர்ட் விட்டது, ஊர் விடவில்லை. 2000இல் அவர் இறந்தபோது வந்த இரங்கல் செய்திகளிலும் அந்த இரவு இடம்பெற்றது.

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றி வாய் திறக்கும் எந்தப் பிரபலமும் இந்தக் கதையை எதிர்கொள்ளாமல் போக முடியாது. நடிகர் பேசினால், நீ நடித்த படத்தில் எத்தனை பேரைச் சுட்டாய் என்பார்கள். மேயர் பேசினால், உன் பின்னால் நிற்பவர் இடுப்பில் என்ன இருக்கிறது என்பார்கள். வேஷதாரி, இரட்டை நாக்குக்காரர் என்ற பட்டம் உடனே வந்து ஒட்டிக்கொள்ளும். பட்டம் சூட்டுகிறவர்கள் எல்லோரும் விஷமிகள் என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. அந்தக் குற்றச்சாட்டில் நியாயமான கோபம் ஒன்று இருக்கிறது. அதே குற்றச்சாட்டு, பேச வேண்டியதைப் பேசவிடாமல் வாயை அடைக்கவும் பயன்பட்டிருக்கிறது. எது எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: தான் கேட்கிற சட்டத்துக்குத் தானும் கட்டுப்படுகிறாரா? ரோவன் கட்டுப்படவில்லை. அவரைப் பற்றிச் சொன்னது உண்மை. மற்றவர்களைப் பார்ப்போம்.

ஜனாதிபதியின் பிள்ளைகள்

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்தின் நியூட்டவுன் ஊரில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்த ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். குழந்தைகளுக்கு ஆறு, ஏழு வயது. அதற்கு அடுத்த மாதம், தேசிய ரைஃபிள் சங்கம் என்ற என்.ஆர்.ஏ. ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. ஜனாதிபதியின் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளைவிட உசத்தியா என்று அது கேட்டது. தன் பிள்ளைகளின் பள்ளியில் ஆயுதக் காவல் இருக்கும்போது, எல்லாப் பள்ளிகளிலும் ஆயுதக் காவலர்களை நிறுத்தும் யோசனையில் அவருக்கு ஏன் தயக்கம் என்றது. ஒபாமாவை மேட்டுக்குடி வேஷதாரி என்று நேராகவே அழைத்தது.

அருவருப்பானது, கோழைத்தனமானது என்று வெள்ளை மாளிகை பதில் சொன்னது. ஒபாமாவின் கட்சியைச் சேராத நியூ ஜெர்சி கவர்னர் கிறிஸ் கிறிஸ்டியும் கண்டித்தார். ஆனாலும் அந்த விளம்பரம் ஏன் பலருக்குச் சுருக்கென்று தைத்தது என்பது எனக்குப் புரிகிறது. காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மாலை வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாயிடம், அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் காவல் இருக்கிறது பார் என்று சொன்னால் யாருக்குத்தான் பொங்காது?

ஆனால் அது கேட்ட கேள்வி தவறானது. லிங்கன், கார்ஃபீல்ட், மெக்கின்லி, கென்னடி என்று நான்கு ஜனாதிபதிகளைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த நாடு அது. 1901இல் மெக்கின்லி கொல்லப்பட்ட பிறகுதான் சீக்ரெட் சர்வீஸ் ஜனாதிபதியின் முழுநேரக் காவலை ஏற்றது. குடும்பத்துக்கும் காவல் என்பது சட்டம். ஒபாமாவின் மகள்கள் கேட்டு வாங்கிய சலுகை கிடையாது அது. அந்த மாதம் ஒபாமா முன்வைத்ததுதான் என்ன? துப்பாக்கி வாங்கும் எல்லோருக்கும் பின்னணிச் சோதனை, ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்குத் தடை, பத்துத் தோட்டாக்களுக்கு மேல் பிடிக்கும் மேகசின்களுக்குத் தடை. பள்ளிகளில் போலீஸ் அதிகாரிகளை நியமிக்கப் பணம் தரும் யோசனையும் அதே திட்டத்தில் இருந்தது. அவருடைய பிள்ளைகளுக்கு இருந்த எதையும் பிறர் பிள்ளைகளிடமிருந்து அந்தத் திட்டம் பறிக்கவில்லை. 2013 ஏப்ரல் 17 அன்று பின்னணிச் சோதனையை விரிவாக்கும் திருத்தம் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 54 ஓட்டு, எதிராக 46. வேண்டியிருந்தது 60. அதோடு அது செத்தது.

நடிகர்கள் கதையில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. சாண்டி ஹூக்கை ஒட்டி, ஹாலிவுட் முகங்கள் வரிசையாக வந்து ஒரு திட்டம் கொண்டுவாருங்கள் என்று கேட்ட வீடியோ ஒன்று வந்தது. சில நாட்களிலேயே, அவர்கள் பேசுவதற்கு இடையிடையே அவர்கள் படங்களில் சுடும் காட்சிகளைச் செருகி, இன்னொரு வீடியோ சுற்றிவந்தது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். 2015இல் லியாம் நீசன் அமெரிக்காவில் துப்பாக்கிகள் மலிந்துகிடப்பதைக் கண்டித்தபோது, அவர் படங்களுக்குத் துப்பாக்கி கொடுத்துவந்த நிறுவனமே இனிமேல் அவரோடு உறவில்லை என்று அறிவித்தது. திரையில் வில்லனாக நடிப்பவர் திருட்டுக்கு எதிராகப் பேசக் கூடாது என்றால் அது எவ்வளவு சரியோ, இதுவும் அவ்வளவுதான். வன்முறையைக் காட்டிப் பணம் பண்ணும் சினிமாவைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. சட்டத்தைப் பற்றிய வாதத்துக்கு அது பதில் ஆகாது.

ரோசி ஓ'டானல் விஷயம் அதைவிடச் சிக்கலானது. 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளிப் படுகொலை நடந்த சூட்டில், தன் டிவி நிகழ்ச்சிக்கு வந்த நடிகர் டாம் செல்லக்கை என்.ஆர்.ஏ. ஆதரவுக்காக நேருக்கு நேர் நின்று துளைத்தெடுத்தவர் அவர். கேமராவுக்கு முன் செல்லக் நெளிந்தார். அப்போது ரோசி கேமார்ட் கடைகளின் விளம்பர முகம். கேமார்ட்டில் ரைஃபிள்கள் விற்றார்கள். இது வெளியே பெரிதாகப் பேசப்பட்டது. அந்த ஆண்டே அவரும் கேமார்ட்டும் பிரிந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், அன்னையர் தினத்தன்று வாஷிங்டனில் நடந்த பத்து லட்சம் தாய்மார்கள் பேரணியின் மேடையை அவர்தான் நடத்தினார். அதே மாதத்தில், அவருடைய மெய்க்காப்பாளர் கனெக்டிகட்டில் துப்பாக்கி லைசென்சுக்கு விண்ணப்பித்த செய்தி வெளியானது. பிள்ளைகளுக்கு மிரட்டல் என்பது அவர் தரப்பு விளக்கம். மிரட்டல் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் மிரட்டல் வருவது டிவி நட்சத்திரங்களுக்கு மட்டுமா? அடித்து விரட்டிய கணவன் மறுபடி வருவானோ என்று கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, சம்பளம் கொடுத்து மெய்க்காப்பாளர் வைத்துக்கொள்ள வழியில்லை. ரோசியைக் கேலி செய்தவர்களில் பலர் அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

யாருக்கு லைசென்ஸ்?

இந்த விவகாரத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பிரபலங்களின் குணத்தைவிட, லைசென்ஸ் கொடுத்த முறை மோசமானது.

நியூயார்க் மாநிலம் 1911இல் கொண்டுவந்த சல்லிவன் சட்டத்தின் வழியில், அங்கே துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல லைசென்ஸ் வேண்டும். 2022 வரை அதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டியிருந்தது. எது தகுந்த காரணம் என்பதை முடிவு செய்தவர் அதிகாரி. இரவுப் பணி முடிந்து ஆபத்தான தெரு வழியாக வீடு திரும்புகிறேன் என்பது நியூயார்க் நகரில் போதுமான காரணம் ஆகவில்லை. நான் பெயர் பெற்றவன், பெரிய தொகைகளைக் கையாள்கிறவன் என்பது பல சமயம் போதுமான காரணம் ஆனது. டொனால்ட் டிரம்ப் உட்பட நகரத்தின் பெரிய மனிதர்கள் பலர் அந்த லைசென்சை வைத்திருந்தார்கள். லைசென்ஸ் பிரிவில் லஞ்சம் புழங்கியது வெளியே வந்து, போலீஸ் அதிகாரிகளே கைதானார்கள். கலிஃபோர்னியாவில் சிலிக்கான் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய சாண்டா கிளாரா மாவட்டத்தில் கதை இன்னும் அப்பட்டமாக நடந்தது. தேர்தல் நிதி தந்தவர்களுக்கும் வேண்டப்பட்டவர்களுக்கும் லைசென்சில் சலுகை காட்டிய குற்றச்சாட்டுகளில், ஷெரிஃப் லாரி ஸ்மித் குற்றவாளி என்று 2022 நவம்பரில் ஜூரி சொன்னது. தீர்ப்புக்குச் சற்று முன்புதான் அவர் பதவி விலகியிருந்தார்.

அதிகாரியின் இஷ்டத்துக்கு விட்ட லைசென்ஸ் யாருக்கு மறுக்கப்படும் என்பதற்கு மார்ட்டின் லூதர் கிங்கைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 1956 ஜனவரி 30 இரவு, அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் அவர் வீட்டு முன்வாசலில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டு கிங் விண்ணப்பித்தார். உள்ளூர் அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். அந்த நாட்களில் அவர் வீட்டுக்குப் போனவர்கள் அங்கே துப்பாக்கிகள் இருந்ததை எழுதியிருக்கிறார்கள். பேயார்ட் ரஸ்டின் போன்ற காந்தியவாதிகளோடு பழகப் பழக, தன் மனசாட்சியோடு போராடி, வீட்டில் துப்பாக்கி வேண்டாம் என்று அவரே தீர்மானித்தார். அகிம்சை பேசிய ஆள் வீட்டில் துப்பாக்கி இருந்ததா என்று இன்று எவரும் அவரைப் பழிக்க முடியும். ஆனால் அந்தச் சம்பவத்தில் வெட்கப்பட வேண்டியவர்கள் விண்ணப்பத்தை மறுத்தவர்கள்தான்.

கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்கிற நாம் இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். செல்வாக்கு உள்ளவருக்கு ஒரு வாசல், இல்லாதவருக்கு இன்னொரு வாசல் என்று வைத்த சட்டம், பிரபலங்களை வேஷதாரிகள் ஆக்காமல் இருக்காது. 2022 ஜூன் 23 அன்று புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் அந்த ‘தகுந்த காரணம்’ விதியைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்ட வழியில் எனக்கு உடன்பாடு இல்லை. துப்பாக்கிச் சட்டங்களை இருநூறு ஆண்டுக்கு முந்தைய வரலாற்றோடு பொருத்திப் பார் என்று கீழ்க் கோர்ட்டுகளைத் திண்டாட விட்டது அது. ஆனால் அந்த விதி அநீதியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த இடத்தில் டயான் ஃபைன்ஸ்டைனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி ஆதரவாளர்கள் இவரை வெறுத்த அளவுக்கு வேறு எந்த செனட்டரையும் வெறுத்திருப்பார்களா என்பது சந்தேகமே. எழுபதுகளில் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, ஒரு தீவிரவாதக் குழு அவர் வீட்டு ஜன்னல் ஓரத்தில் குண்டு வைத்தது, அது வெடிக்கவில்லை. பிறகு இன்னொரு வீட்டின் ஜன்னல்களைச் சுட்டு உடைத்தார்கள். அவர் லைசென்ஸ் வாங்கிக் கைத்துப்பாக்கியோடு நடமாடினார். கணவர் நோய்வாய்ப்பட்டுக் கிடந்த ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகும்போதும் அது கூடவே இருந்தது என்று பல ஆண்டுகள் கழித்து செனட்டில் அவரே சொன்னார். இந்தப் பேச்சைத்தான் எதிராளிகள் வெட்டி எடுத்துக் காட்டினார்கள்: பாருங்கள், தனக்கு மட்டும் துப்பாக்கி.

அவர்கள் காட்டாத மிச்சம் இது. 1978 நவம்பர் 27. சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்றக் கட்டடத்துக்குள், முன்னாள் உறுப்பினர் டான் ஒயிட் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் உறுப்பினர் ஹார்வி மில்க்கையும் சுட்டுக் கொன்றார். மில்க் கிடந்த அறைக்கு ஓடியவர் ஃபைன்ஸ்டைன். நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது விரல் குண்டு துளைத்த ஓட்டைக்குள் போனது. அவர்தான் அடுத்த மேயரானார். 1982இல் நகரத்தில் கைத்துப்பாக்கித் தடை கொண்டுவந்தார். ஊரை ஒப்படைக்கச் சொன்னவர் தன்னுடையதையும் ஒப்படைத்தார். அப்படி வந்த துப்பாக்கிகள் சிலவற்றை உருக்கிச் செய்த சிலுவை போப் இரண்டாம் ஜான் பாலிடம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தடைச் சட்டத்தை கோர்ட் ரத்து செய்தது வேறு விஷயம். 1993 செனட் விவாதத்தில், துப்பாக்கிகளைப் பற்றி அம்மையார் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற தோரணையில் ஐடஹோ செனட்டர் லாரி கிரெய்க் பேசியபோது, ஃபைன்ஸ்டைன் அந்த விரலைப் பற்றித்தான் பதில் சொன்னார். அடுத்த ஆண்டு ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்கான தடை சட்டமானது. பத்து ஆண்டுகள் இருந்து, 2004இல் காலாவதியானது. தான் கேட்ட சட்டத்துக்குத் தன்னை முதலில் உட்படுத்திக்கொண்டவர் என்ற கணக்கில், என் கேள்விக்கு ஃபைன்ஸ்டைன் தேறுகிறார். அவருக்கு எழுபதுகளில் கிடைத்த லைசென்ஸ் அந்த நகரத்தில் சாமானியர்களுக்குக் கிடைத்ததா என்பது மட்டும் உறுத்துகிறது.

துப்பாக்கி வைத்திருப்பவர் பேசக் கூடாதா?

2011 ஜனவரி 8 அன்று அரிசோனாவின் டூசான் நகரில், ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த எம்.பி. கேபி கிஃபர்ட்ஸின் தலையில் குண்டு பாய்ந்தது. ஆறு பேர் இறந்தார்கள். அவர் பிழைத்தார், ஆனால் சரளமாகப் பேசும் ஆற்றலை இழந்தார். கிஃபர்ட்ஸிடமும் ஒரு கிளாக் துப்பாக்கி இருந்தது. வாஷிங்டன் நகரத்தின் கைத்துப்பாக்கித் தடையை நீக்கக் கோரிய ஹெல்லர் வழக்கில், 2008இல் தடைக்கு எதிரான மனுவில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். சுடப்பட்ட பிறகு, பின்னணிச் சோதனைக்காகக் கணவர் மார்க் கெல்லியோடு ஊர் ஊராகப் போனார்.

2013 மார்ச்சில் கெல்லி டூசான் கடை ஒன்றுக்குப் போய் ஒரு கைத்துப்பாக்கியும் ஒரு ஏஆர்-15 ரைஃபிளும் வாங்கினார். விண்வெளி வீரராக இருந்தவர், கடற்படையில் போர் விமானம் ஓட்டியவர். ஆயுதம் புதிதல்ல அவருக்கு. சோதனை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது, அதில் ஒருவருக்கும் நோகவில்லை என்று காட்டத்தான் வாங்கினேன், ரைஃபிளைப் போலீசிடம் கொடுத்துவிடுவேன் என்றார். வேஷதாரி என்ற கூச்சல் எழுந்தது. கடைக்காரர் ரைஃபிள் விற்பனையையே ரத்து செய்தார். எனக்கு இதில் வேஷம் எங்கே என்று தெரியவில்லை. வாங்குகிறவரைச் சோதியுங்கள் என்று சொல்கிறவர், தானே போய்ச் சோதனைக்கு நின்றார். கார் வைத்திருப்பவர் டிரைவிங் லைசென்ஸ் கட்டாயம் என்று சொன்னால் அதை யாரும் வேஷம் என்று சொல்ல மாட்டோம்.

1981இல் ஜனாதிபதி ரீகன் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் தலையில் அடிபட்டு முடங்கிப்போன அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜிம் பிரேடியின் மனைவி சாராவும் இதே வசவைக் கேட்டார். ஜிம்மின் பெயரால் 1993இல் பின்னணிச் சோதனைச் சட்டம் வந்தது. பின்னாளில் மகனுக்குப் பரிசாக ஒரு வேட்டை ரைஃபிள் வாங்கினார் அவர். வேட்டைத் துப்பாக்கியைத் தடைசெய்யச் சொன்னவரே இல்லை சாரா பிரேடி.

படிப்பது ராமாயணம்

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று உண்மையிலேயே சொல்லத்தக்க ஆள் லீலண்ட் யீ. கலிஃபோர்னிய மாநில செனட்டர். துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாக்களால் பெயர் வாங்கியவர், அதற்காகப் பாராட்டுகளும் பெற்றவர். மாநிலச் செயலாளர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தபோது, 2014 மார்ச்சில் எஃப்.பி.ஐ. அவரைக் கைது செய்தது. சட்டவிரோதமாக ஆயுதம் வாங்கிக்கொடுக்க, நன்கொடைக்குப் பதிலாக, தரகு பேசினார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. எதிரே உட்கார்ந்து பேசியவர் மாறுவேடத்தில் இருந்த எஃப்.பி.ஐ. ஆள். பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கிளர்ச்சியாளர்களின் ஆயுதங்கள்வரை பேச்சு போனது. 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2016இல் ஐந்து ஆண்டு சிறை. அவர் மீது எனக்கு இருப்பது வெறும் கோபம் இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் அவருடைய மசோதாக்களை நம்பியிருந்தார்கள்.

ஆனால் என்னை இன்னும் அதிகமாக உறுத்துவது ஜோ பைடனின் விஷயம். 2018 அக்டோபரில் அவர் மகன் ஹன்டர், டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் ஒரு ரிவால்வர் வாங்கினார். போதைப் பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு மத்திய அரசின் படிவத்தில் இல்லை என்று எழுதினார். அப்போது அவர் கிராக் கொக்கெய்னுக்கு அடிமை. துப்பாக்கி அவரிடம் 11 நாட்கள் இருந்தது. 2024 ஜூன் 11 அன்று மூன்று குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. அன்றைக்குச் சில மணி நேரத்தில், துப்பாக்கி வன்முறைக்கு எதிராகப் போராடும் ‘எவ்ரிடவுன்’ அமைப்பின் கூட்டத்தில் பைடன் மேடை ஏறிப் பேச வேண்டியிருந்தது. பேசினார். ஒரு தகப்பனாக அந்த நடையில் எவ்வளவு கனம் இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மகனுக்கு மன்னிப்பு வழங்க மாட்டேன் என்று அந்த மாதம் உறுதி சொன்னார். டிசம்பர் 1 அன்று வழங்கினார். இப்படி ஒரு வழக்கைச் சாதாரணமாக யார் மேலும் போட மாட்டார்கள், தன் மகன் என்பதால்தான் போட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பின்னணிச் சோதனை என்கிற கட்டடம் முழுக்க அந்தப் படிவத்தில் எழுதும் பதில் உண்மையாக இருக்க வேண்டும் என்ற அஸ்திவாரத்தில்தான் நிற்கிறது. அந்தச் சோதனையை வலுப்படுத்தச் சொல்லி வாழ்நாளெல்லாம் வாதாடியவர் பைடன்; 2022இல் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சோதனையைக் கடுமையாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. ஹன்டரின் வழக்கறிஞர்கள், போதைப் பழக்கம் உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதிக்கும் சட்டமே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று, பைடன் கண்டித்த அதே புரூயன் தீர்ப்பை மேற்கோள் காட்டி வாதாடியிருந்தார்கள். தகப்பனின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே படிவத்தில் அதே பொய்யை எழுதிவிட்டு உள்ளே இருக்கும் பையன்களுக்கு வெள்ளை மாளிகையில் அப்பா இல்லை. என் கேள்விக்கு பைடன் தேறவில்லை.

எதிர்த்தரப்பும் இதே கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. 1967 மே மாதம் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியச் சட்டமன்றத்துக்குள் போனார்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் வெளிப்படையாக ஏந்திச்செல்லத் தடை விதிக்கும் மல்ஃபோர்ட் சட்டத்தில் அந்த ஆண்டே கையெழுத்திட்டவர், துப்பாக்கி ஆதரவாளர்கள் பின்னாளில் கொண்டாடிய அதே ரீகன், அப்போது கவர்னர். 2018இல் டல்லாசிலும், யுவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட சில நாட்களுக்குள் 2022இல் ஹூஸ்டனிலும் என்.ஆர்.ஏ. மாநாடு நடந்தது. டிரம்பும் அவருடைய துணை ஜனாதிபதியாக இருந்த பென்ஸும் பேசிய அரங்குகளுக்குள் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. அது சீக்ரெட் சர்வீஸின் உத்தரவு. துப்பாக்கி உள்ள நல்லவர்கள் நிறைந்த இடமே பாதுகாப்பான இடம் என்று சொல்லிவந்தவர்கள், அந்தக் கதவில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

கமலா ஹாரிஸின் துப்பாக்கி

அம்மா வழிப் பூர்விக ஊரான துளசேந்திரபுரத்தின் கோயிலில் அர்ச்சனை நடந்த அந்த 2024 தேர்தலில், ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் தன் வீட்டில் துப்பாக்கி இருப்பதை மறைக்கவில்லை. முந்தைய வழக்கறிஞர் வாழ்க்கையில், பாதுகாப்புக்காக வாங்கியது என்று 2019லேயே சொன்னவர்தான். செப்டம்பர் 10 அன்று டிரம்ப்புடன் நடந்த விவாதத்திலும் சொன்னார். எதிர்த்தரப்பு உடனே 2005ஐத் தோண்டி எடுத்தது. அந்த ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோ வாக்காளர்கள் நிறைவேற்றிய கைத்துப்பாக்கித் தடையை, அந்நகரின் மாவட்ட வழக்கறிஞராக இருந்த ஹாரிஸ் ஆதரித்தார். காவல்துறையினருக்கும் தொழில் நிமித்தம் தேவைப்படுவோருக்கும் அதில் விலக்கு இருந்தது. சாதாரண நகரவாசிக்கு இல்லை. கோர்ட்டுகள் அதையும் ரத்து செய்தன. வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையே மற்றவர்களுக்குத் தடுக்க நினைத்தது தவறு என்று ஹாரிஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவருடைய பேச்சுக்குக் கூடுதல் வலு வந்திருக்கும்.

அந்தத் தகராறு நடந்துகொண்டிருந்த நேரத்தில் அமெரிக்கா எங்கே நின்றது? 2022இல் மட்டும் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொண்டவர்கள். சிறுவர்களும் பதின்பருவத்தினரும் இறப்பதற்கு முதல் காரணம் 2020 முதல் துப்பாக்கிதான். இந்த மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கும் மெய்க்காப்பாளர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேஜை இழுப்பறையில், கட்டிலுக்கு அடியில், பூட்டாமல் கிடந்த துப்பாக்கிகள் அவற்றில் பலவற்றுக்குக் காரணம். மிச்சிகன் மாநிலம் ஆக்ஸ்ஃபோர்ட் ஊரில் 2021இல் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற 15 வயதுப் பையனின் தாயும் தகப்பனும், அந்தத் துப்பாக்கியை அவன் கைக்கு எட்டும்படி விட்டதற்காக, 2024இல் தனித்தனியே குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டுச் சிறைக்குப் போனார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் மிச்சிகனில் அமலுக்கு வந்தது. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச மிகவும் தகுதியானவர்கள் துப்பாக்கி வைத்திருப்பவர்களே.

2024 செப்டம்பர் 19 அன்று, அதே மிச்சிகனில் ஓப்ரா வின்ஃப்ரே நடத்திய கூட்டத்தில், என் வீட்டுக்குள் எவனாவது புகுந்தால் குண்டுதான் என்று ஹாரிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த நாள் எல்லாச் செய்திகளிலும் அந்த ஒரு வாக்கியம்தான். இரண்டு வாரங்களுக்கு முன் ஜார்ஜியாவின் அப்பலாச்சி உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். அங்கே குண்டடிபட்டுப் பிழைத்த ஒரு மாணவி, தாய் தகப்பனோடு அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியைப் பற்றிய பேச்சே அவளிடமிருந்துதான் தொடங்கியது. சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அப்போது வயது 14. அந்த ரைஃபிளை அவனுக்குப் பரிசாகக் கொடுத்தவர் அவன் அப்பா என்றார்கள் புலனாய்வாளர்கள்.